கோடை முகாமுக்கு மகளை அனுப்பும் முன்: இரவில் சாவி யாரிடம்?



முழு ஆண்டுத் தேர்வுகள் முடியும் நாள் நெருங்கிவிட்டது. பள்ளிவாசல் வாயிலிலும் கடைத்தெருச் சுவர்களிலும் கோடைகால இஸ்லாமியப் பயிற்சி முகாம் அறிவிப்புகள் ஒட்டப்பட்டுவிட்டன. பத்து நாள், பதினைந்து நாள், சில இடங்களில் ஒரு மாதம். குர்ஆன் ஓதுதல், துஆ மனனம், தொழுகைச் செய்முறை, சீரா, ஒழுக்கப் பயிற்சி. கீழே தடித்த எழுத்தில், "பெண் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் தங்கும் வசதி, உணவு வசதி உண்டு" என்று ஒரு வரி.

ஒவ்வோர் ஆண்டும் இந்நாட்களில் நம்மைத் தேடி வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மஹ்ரம் துணையின்றி அவ்வளவு தூரம் அனுப்பலாமா? பாடம் நடத்துவது ஆலிமாவா, திரைக்கு அப்பால் இருந்து ஹஸ்ரத் நடத்துவாரா? எத்தனை சூராக்கள் மனனமாகும்? சான்றிதழ் தருவார்களா?

இவை தேவையற்ற கேள்விகள் அல்ல. பயணத் தூரம் பற்றி ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் விளக்கம் வேறுபடும்; உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நமது ஆதங்கம் வேறு. கேட்கப்படும் கேள்விகள் அனைத்தும் பகலைப் பற்றியவை. பகலில் உங்கள் மகள் நாற்பது, ஐம்பது பேர் கண்முன்னே வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். இஷாவுக்குப் பின் சுபுஹு வரையிலான அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி இதுநாள்வரை ஒரு தகப்பனாரும் நம்மிடம் கேட்டதில்லை. தாய்மார்களில் ஒருவர் இருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க ஆலிமா" என்று மன்னிப்பும் கோரினார்கள். மன்னிப்புக் கோர வேண்டியவர்கள் அவர்களல்லர்.

நாம் இதை வெளியில் நின்று எழுதவில்லை. பல கோடைகளில் இத்தகைய முகாம்களில் பொறுப்பாளராக இருந்து, பிள்ளைகளோடு தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். ஆகவே முதலில் நம் கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஊரும் முகாமின் பெயரும் வேண்டாம். அறுபது பிள்ளைகளுக்கு நாங்கள் மூன்று ஆலிமாக்கள். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணி இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி நம் பாயருகே வந்து நின்று, உம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். முகாமின் விதியோ வேறு. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகுதான் தொலைபேசி; ஒருவருக்கு ஐந்து நிமிடம்; அதுவும் ஸ்பீக்கரில், பொறுப்பாளர் முன்னிலையில். அந்த விதியை எழுதியவர்களில் நாமும் ஒருவர். ஒருத்தி வீட்டுக்குப் பேசி அழுதால் பத்துப் பேர் சேர்ந்து அழுவார்கள், மறுநாள் நான்கு வாப்பாமார்கள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது நாங்கள் கண்டிருந்த அனுபவம். எனவே, "ஷைத்தான் வஸ்வாஸ் போடுகிறான், ஆயத்துல் குர்ஸீ ஓதிவிட்டுப் படு" என்றோம். அவள் மறுபேச்சின்றித் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை அவளுடைய உம்மா தொலைபேசியில் மகளின் அழுகையைத் தவிர வேறொன்றும் கேட்காமல், அன்றிரவே நேரில் வந்துவிட்டார். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக மாதவிடாய் தொடங்கியது அந்த முகாமில்தான். அது இன்னதென்று வீட்டிலும் சொல்லித் தந்திருக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதென்று எண்ணி, துப்பட்டாவைக் கிழித்துப் பயன்படுத்தி, கறைபட்ட ஆடைகளைப் பெட்டியின் அடியில் சுருட்டி வைத்து, மௌத்தாகிவிடுவோம் என்ற அச்சத்தோடு ஐந்து வேளையும் எங்கள் பின்னால் ஸஃப்பில் நின்று தொழுதிருக்கிறாள். அதே வாரம் காலை வகுப்பில் நாம் தஹாரத் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஹைளு பகுதியை மட்டும் பெரிய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

ஹைளு தொடங்கக்கூடிய வயது ஒன்பது சந்திர ஆண்டுகள் என்று நாம் ஓதிக் கொடுக்கும் ஃபிக்ஹு நூல்களே கூறுகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையை முகாமில் சேர்த்துக்கொள்ளும் எவரும், "இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று சொல்ல முடியாது. விடைபெறும் ஹஜ்ஜுப் பயணத்தில் ஸரிஃப் என்னும் இடத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டு அவர்கள் அழுதுகொண்டிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தாமே அருகில் வந்து விசாரித்து, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று ஆறுதல் கூறி, தவாஃபைத் தவிர மற்ற அமல்களையெல்லாம் செய்யுமாறு வழிகாட்டினார்கள். கூட்டத்திலிருந்து ஒதுக்கவுமில்லை, வெட்கப்படச் செய்யவுமில்லை. மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெட்கம் தடையாக நிற்க விடாதவர்கள் என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். அந்த ஹதீஸை வகுப்பில் நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

அந்த உம்மா நம்மை ஒரு சொல் ஏசவில்லை. மகளின் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார். அவர் போன பின்பு நம்மை உறங்கவிடாமல் செய்த கேள்வி இது: மூன்றாம் நாள் இரவு அந்தப் பிள்ளை சொல்ல வந்தது வேறு ஒன்றாக இருந்திருந்தால்? யாரோ தொட்டார்கள் என்பதாக, யாரோ மிரட்டினார்கள் என்பதாக இருந்திருந்தால்? அப்போதும் நாம் ஆயத்துல் குர்ஸீ ஓதிப் படுக்கத்தான் சொல்லியிருப்போம். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவனிடம் முகாமுக்கு விதி எழுதச் சொன்னால், நல்ல எண்ணத்தோடு நாம் எழுதிய அதே விதியைத்தான் அவனும் எழுதுவான்.

ஆகவே பெற்றோர்களே, "வாரம் ஒருமுறைதான் பேச அனுமதி" என்று பெருமையோடு அறிவிக்கும் முகாமுக்கு உங்கள் மகளை அனுப்பாதீர்கள். வீட்டு நினைவு வந்தால் ஹிஃப்ளு கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும். ஒரு சூரா குறைந்தால் அடுத்த ஆண்டு மனனம் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் கைப்பேசி வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது வேறு தொல்லை. ஒரு பொதுத் தொலைபேசி, நாள்தோறும் மக்ரிபுக்குப் பின் ஒரு நேரம், அருகில் நின்று எவரும் ஒட்டுக் கேட்காத ஒரு மூலை, அவசரமென்றால் எந்த நேரத்திலும் எழுப்பிப் பேச உரிமை. இவ்வளவுதான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இதை மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் நமக்குத் தெரியும். "எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். "இத்தனை பேர் நாங்கள் இருக்கிறோம், என்ன ஆகிவிடும்?" என்பார்கள். "தீனுக்காக உழைப்பவர்களைச் சந்தேகப்படுவது தக்வா ஆகாது" என்று அறிவுரையும் கூறுவார்கள்.

இப்பதில்கள் புதியவை அல்ல. யூசுஃப் அத்தியாயத்தில் இவை இருக்கின்றன. தம்பியை விளையாட அழைத்துச் செல்கிறோம், நாங்கள் பாதுகாப்போம் என்று அண்ணன்மார் கேட்கிறார்கள். நீங்கள் கவனமற்றிருக்கும் நேரத்தில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார் தந்தை யஃகூப் (அலை). நாங்கள் ஒரு பலமான கூட்டமாக இருக்கும்போது அப்படி நடக்குமா என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் அந்நியரல்லர், ஒரு நபியின் வீட்டில், ஒரு நபியின் கையில் வளர்ந்தவர்கள். அதை விடச் சிறந்த மார்க்கச் சூழலை எந்த முகாம் காட்டிவிட முடியும்? அன்று மாலை திரும்பி வந்தது பொய் இரத்தம் தோய்ந்த சட்டை.

இந்த வரலாற்றை பயானில் கேட்கும்போது நாம் அழுகிறோம். இரண்டாம் பகுதியைக் கவனிப்பதில்லை. ஆண்டுகள் கழித்து அதே மக்கள், தானியம் வாங்குவதற்காக இளையவர் புன்யாமீனை மிஸ்ருக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறார்கள். இம்முறை யஃகூப் (அலை) என்ன செய்கிறார்? முன்பு உங்களை நம்பியது போலவா இப்போதும் நம்ப வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். அல்லாஹ்வே மிகச் சிறந்த பாதுகாவலன் என்றும் சொல்கிறார். அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா அனுப்பிவிடவில்லை. அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி தந்தாலன்றி அனுப்பமாட்டேன் என்கிறார். உங்களால் இயலாதபடி சூழப்பட்டால் தவிர அவரைத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனையையும் தெளிவாக வைக்கிறார். உறுதிமொழி பெற்ற பின், நகரத்துக்குள் எப்படி நுழைவது என்பது வரை சொல்லி அனுப்புகிறார். தவக்குலும் நிபந்தனையும் ஒரே நாவிலிருந்து வந்தன. ஒரு நபி தம் சொந்த மக்களிடமே கேட்ட உறுதிமொழியை, நேற்று அறிமுகமான ஒரு முகாம் அமைப்பாளரிடம் கேட்க நமக்கு ஏன் கூச்சம்?

எதைக் கேட்க வேண்டும் என்பதை இனிச் சொல்கிறோம். முதலில் இரவு.

சாவி யாரிடம் இருக்கிறது? பெண் பிள்ளைகள் தங்கும் கூடத்தின் இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியை நிர்வாகியின் வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். பாதுகாப்புக்காக என்றார்கள். கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீயில் இறந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், நம் மக்கள் நேர்ச்சையோடு சென்று தங்கும் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டதை நாம் மறந்துவிட்டோம். புனித மக்காவில் 2002 மார்ச் 11 அன்று ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பற்றி 15 மாணவியர் இறந்தனர். வாயில் பூட்டியிருந்தது பற்றியும் மீட்பு தாமதமானது பற்றியும் அந்நாட்டுப் பத்திரிகைகளே அன்று வெளிப்படையாக எழுதின. வெளியே பூட்டிய கதவு திருடனை மட்டும் தடுப்பதில்லை. கதவு உள்ளிருந்து தாழிடப்பட வேண்டும். சாவி கூடத்துக்குள் உறங்கும் பெண் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும். நேரில் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே போய்ப் பார்க்க அனுமதிக்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து, கூடத்துக்குள் யார் நுழைகிறார்கள்? நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது: ஃபஜ்ருக்கு முன், ஆடை தளர்த்தும் நண்பகல், இஷாவுக்குப் பின். வீட்டிலுள்ள, பருவமடையாத சிறு பிள்ளைகள்கூட இந்நேரங்களில் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும். சொந்த வீட்டில், சொந்தக் குழந்தைக்கே இந்தச் சட்டம். முகாம்களிலோ தஹஜ்ஜுதுக்கு எழுப்புகிறோம் என்று தொண்டர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மின்விசிறி பழுது பார்க்க நண்பகலில் ஆள் வருகிறார். பிள்ளைகள் உறங்கும் காட்சியை ஒருவர் படமெடுத்து, "மாஷா அல்லாஹ், களைத்துறங்கும் மார்க்கச் செல்வங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுகிறார். பட்டமளிப்பு நாளில் முகம் மறைத்து நிற்க வைக்கும் அதே பிள்ளைகளின் உறங்கும் படம் எத்தனை கைப்பேசிகளில் போய்ச் சேர்ந்ததோ, யார் கணக்கு வைத்தார்கள்? கேமரா வாயிலில் இருக்கட்டும். படுக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் எந்த வடிவிலும் கூடாது.

பத்து வயதானால் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பது உடன்பிறந்தவர்களுக்கே. இடமில்லை என்று ஒரே பாயில் இருவர், ஒரே போர்வைக்குள் மூவர் என்று படுக்க வைக்கும் முகாம், இடத்துக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறது என்று பொருள். ஏழு வயதுக் குழந்தையின் பக்கத்தில் பதினேழு வயது மாணவியை "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று போட்டுவிட்டு ஆலிமாக்கள் தனி அறையில் உறங்குவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. இரவு முழுதும் முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். கழிப்பறை எவ்வளவு தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பது அற்பக் கேள்வி அன்று. தாழ்ப்பாள் விழாத கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து காய்ச்சலில் விழுந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆண் ஆசிரியர் வகுப்பெடுத்தால் திரை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறோம். திரை வகுப்பில் இருக்கும். "தனியே வந்து பாடம் ஒப்புவி" என்று அறைக்கு அழைக்கும்போது திரை எங்கே இருக்கும்? தனித்திருத்தலைத் தடுக்கும் ஹதீஸில், ஹஸ்ரத்மார்களுக்கு விதிவிலக்கு என்று எதுவும் இல்லை. பெண் பொறுப்பாளரும் ஒரு பிள்ளையைத் தாழிட்ட அறைக்குத் தனியே அழைக்கத் தேவையில்லை. நல்ல எண்ணமே ஆனாலும் கதவு திறந்திருக்கட்டும். ஆற்றுக்கோ கடலுக்கோ சுற்றுலா உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் தண்ணீரில் இறங்க உங்கள் மகளுக்கு அனுமதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். திரும்ப அழைத்துப் போக வருபவர் யார் யார் என்று பெயர்ப் பட்டியலும் கொடுங்கள். "மாமா வந்திருக்கிறேன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த கூத்தும் இந்தச் சமுதாயத்தில் நடந்திருக்கிறது.

இனி மனத்தை அதிகம் சுடும் பகுதிக்கு வருகிறோம். ஏதேனும் நடந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் ஜமாஅத்தில் நான்கு பேர் கூடுவார்கள். கதவு சாத்தப்படும். முஸ்லிமின் குறையை மறைத்தால் மறுமையில் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்னும் ஹதீஸ் நினைவூட்டப்படும். புறம் பேசுவது சகோதரனின் இறைச்சியை உண்பது போன்றது என்பார்கள். நான்கு சாட்சிகள் உண்டா என்று ஒரு பத்து வயதுக் குழந்தையின் தகப்பனாரிடம் கேட்பார்கள். இஸ்லாத்தின் எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று அச்சுறுத்துவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சத்தமின்றி வேறு ஊர் மதரஸாவுக்கு மாறிப் போவார். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மார்க்கத்தை இவ்வாறு வளைப்பதைக் கண்டு மௌனமாக இருக்க நம்மால் இயலாது. மறைக்கச் சொல்லப்பட்டது, ஒருவன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே செய்துவிட்டு வருந்தும் பிழையை. பிறர் குழந்தையின் உடலில் இழைத்த அநீதி அந்தக் கணக்கில் வராது. புறம் ஹராம் என்று எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே ரியாளுஸ் ஸாலிஹீனில் அதற்கு ஆறு விதிவிலக்குகளைக் கூறுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி தேடுவது, பிறரை எச்சரிப்பது ஆகியவை அவற்றுள் உள்ளன. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பொய்யர் யார், பலவீனர் யார் என்று பெயர் சொல்லி எழுதிய முஹத்திஸ்கள் அதைப் புறம் என்று கருதவில்லை. கருதியிருந்தால் இன்று நம்மிடம் சரியான ஹதீஸ் எது என்ற தெளிவே இருந்திருக்காது. நான்கு சாட்சிகள் என்பது விபச்சாரத்துக்கான ஹத்துத் தண்டனை பற்றிய சட்டம். காயப்பட்ட குழந்தை தன் உம்மாவிடம் சொல்வதற்கும் காவல் துறையிடம் முறையிடுவதற்கும் அது நிபந்தனை அல்ல. இதை அறியாமல் சொல்பவருக்குக் கற்றுக் கொடுக்கலாம். அறிந்தே சொல்பவரை என்னவென்று அழைப்பது?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிறையாத எவரும் குழந்தையே. குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ பொறுப்பிலும் பணியிலும் இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்தை அச்சட்டம் மேலும் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டுமே என்று அஞ்ச வேண்டாம்: வாக்குமூலத்தை வீட்டிலேயே, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவிலும் பகலிலும் இலவசமாக அழைக்கலாம். இந்த எண்ணை முகாம் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். தமிழ்நாட்டில் பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவும் உரிமமும் பெற வேண்டும். முகாம் நடக்கும் இடம் ஒரு விடுதியென்றால் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் குற்றமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அதனால்தான் பெண் பிள்ளையை எங்கும் அனுப்பக் கூடாது என்கிறோம்" என்று மகிழ்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நாம் இதை எழுதவில்லை. தமக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தந்து கற்பித்தார்கள். முகாமில் தன் வயதுத் தோழிகளோடு பத்து நாள் தங்கி, தானே துணி துவைத்து, தானே எழுந்து சுபுஹு தொழுது, வீடு திரும்பியதும் உம்மாவுக்குத் தஜ்வீது திருத்திக் கொடுக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். மக்தபுக்கே வராத பிள்ளை முகாமில் தொழுகை கற்றுப் போனதையும் கண்டிருக்கிறோம். அண்ணனை ஜமாஅத்தில் நாற்பது நாள் அனுப்பிவிட்டுத் தங்கையைக் கதவுக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பும் அன்று. பூட்டிய வீட்டுக்குள்ளும் உறவினர் வந்து போகிறார்கள். பகல் நேர முகாம் அருகிலேயே இருந்தால் சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பது நம் தனிப்பட்ட கருத்து. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை இரவு தங்க அனுப்புவதில் நமக்கு உடன்பாடில்லை. மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம்.

அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டால் முதலில் மகளிடம் பேசுங்கள். மாதவிடாய் என்றால் என்ன, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உம்மா சொல்லிக் கொடுத்து, தேவையானதைப் பெட்டியிலும் வைத்தனுப்ப வேண்டும். "உம்மாவிடம் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதை உம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். சொன்னவர் எவ்வளவு பெரிய ஆலிமாக இருந்தாலும் சரி. உஸ்தாதுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதி ஓதிக் கற்பித்திருக்கிறோம். எதில் கீழ்ப்படியக் கூடாது என்பதையும் கற்பிக்கும் கடமை நமக்கே உண்டு. ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். "கருவாட்டுக் குழம்பு வேண்டும் போலிருக்கிறது" என்று அவள் தொலைபேசியில் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே வந்து அழைத்துப் போவேன் என்று வாப்பா வாக்குக் கொடுக்க வேண்டும். வந்தபின், "இதற்கா இவ்வளவு தூரம் வர வைத்தாய்?" என்று ஏசக் கூடாது. ஒருமுறை ஏசினால் அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள்.

முகாம் முடிந்து வந்த மகளிடம் வாசலிலேயே "எத்தனை சூரா?" என்று கேட்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, உறங்கி எழட்டும். பக்கத்தில் யார் படுத்தார்கள், இரவில் பயமாக இருந்ததா, யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். யாரோ ஒருவரின் பெயர் வரும்போது மட்டும் அவள் பேச்சை மாற்றினால், அன்று விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தின் முன்பக்கத்தில் மகளின் பெயர், வகுப்பு, எத்தனை ஜுஸ்வு ஓதியிருக்கிறாள் என்பனவற்றை நிரப்பச் சொல்வார்கள். பின்பக்கம் எப்போதும் வெற்றுத்தாளாகவே இருக்கிறது. இரவில் சாவி யாரிடம், கூடத்தில் எத்தனை ஆலிமாக்கள், தொலைபேசி எந்நேரம், புகார் வந்தால் யாரிடம் போகும், எத்தனை மணி நேரத்தில் பெற்றோருக்குச் சொல்வீர்கள் என்று அதில் எழுதி, பொறுப்பாளரின் கையொப்பம் கேளுங்கள். கடந்த ஆண்டு ஒரு தாய் அவ்வாறு எழுதி நம்மிடம் நீட்டினார். உடனிருந்த நிர்வாகிக்கு முகம் சிவந்துவிட்டது. நாம் கையொப்பமிட்டோம். அன்று மாலையே கூடத்தின் வெளிப்பூட்டைக் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பினோம்.